பழைய ஜிப்சிக்கு எந்த ஹெடர்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1998 மாடல் ஜிப்சி கிங், கார்புரேட்டர் வண்டி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (நாலு சிலிண்டரின் புகையையும் வாங்கி வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய்) விரிசல் விட்டு 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதாம். ஓசூரில் ஒரு பட்டறைக்காரர், "நாலு குழாயையும் ஒரே இடத்தில் சேர்த்து எஸ்.எஸ்.ஸில் ஹெடர் செய்து தருகிறேன், பவர் ஏறும், சத்தமும் கம்பீரமாக இருக்கும்" என்கிறாராம். ஹெடர் என்பது மேனிஃபோல்டுக்குப் பதிலாகக் குழாய்களை வளைத்து ஒட்டிச் செய்வது; எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இன்னொருவர் 4-2-1, அதாவது நாலு குழாய் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாகிற ஹெடர், வாங்கச் சொல்கிறாராம். வண்டி ஓடுவது மாந்தோப்பு வேலைக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம். "எதைப் போடலாம் அண்ணா?" என்பது கேள்வி.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன் தம்பி. உங்கள் ஓட்டத்துக்கு 4-1, அதாவது நாலும் ஒரே இடத்தில் சேர்கிற ஹெடர், வேண்டாம். ஹெடர் போட்டே ஆகவேண்டும் என்றால் 4-2-1 போடுங்கள். குழாய் விட்டம் சின்னதாக, தகடு 1.6 மி.மீ.க்குக் குறையாமல், ஃபிளேஞ்ச் (இன்ஜின் ஹெட்டோடு இறுக்குகிற தட்டு) 10 மி.மீ. கனத்தில், கீழே ஒரு ஃப்ளெக்ஸ் இணைப்போடு (வளைந்துகொடுக்கிற துண்டு) இருக்கட்டும். மினுமினுக்கிற எஸ்.எஸ்.தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஆனால் அதற்கும் முன்னால், உங்கள் பழைய மேனிஃபோல்டு உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை இந்தச் சத்தத்தோடு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு கேஸ்கெட்டிலோ (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) உடைந்த ஸ்டட்டிலோதான் (மேனிஃபோல்டைப் பிடிக்கும் மரையாணி) இருந்தது.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சத்தம் முதலில் பலமாக இருந்து, சூடேறச் சூடேறக் குறைந்தால், இரும்பு விரிந்து ஒரு இடுக்கை அடைக்கிறது என்று அர்த்தம். அந்த இடுக்கு விரிசலாகவும் இருக்கலாம், கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். கசிகிற இடத்தில் கரி படிந்த கறுப்புக் கோடு இருக்கும். டார்ச் அடித்துத் தேடுங்கள். தெரியவில்லையென்றால் இன்னொரு வழி: இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, சைலன்சர் வாயில் ப்ளோயரால் காற்று ஊதிக்கொண்டே மேனிஃபோல்டு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் கசிவு. இரண்டு ஓரத்திலும் உள்ள ஸ்டட்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஓரத்து ஸ்டட்தான் பெரும்பாலும் முதலில் உடையும். உடைந்து போய், நட்டு விழுந்ததே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

மேனிஃபோல்டின் முகம் வளைந்திருந்தால் அதுவும் பெரிய விஷயமில்லை. கழற்றி, நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜால் அளந்துவிட்டு, ரீபோரிங் பட்டறையில் கொடுத்தால் முகம் சீவித் தருவார்கள். நிஜமான விரிசலாக இருந்தால், வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவரிடம் நிக்கல் ராடு போட்டு, முன்சூடு கொடுத்து ஒட்டலாம். மெதுவாக ஆறவிட்டால் நிற்கும். வெளியே எடுத்தவுடன் காற்றில் வைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். இப்படிச் சரியாகிவிட்டால் அந்தப் பழைய வார்ப்பையே மறுபடி மாட்டுங்கள் என்பதுதான் என் யோசனை. கனமான வார்ப்பிரும்பு கல் பட்டாலும் நசுங்காது, சூட்டை உள்ளேயே அடக்கி வைக்கும், 20 வருஷம் தாங்கும். அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் மலைப்பாதையில் வண்டி ஓட்டியிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, அது தேறாது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 4-1, 4-2-1 விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் சொல்லப்படுவதில் பாதி தவறு.

உங்கள் இன்ஜின் ஜி13பிஏ. 1,298 சி.சி., நாலு சிலிண்டர், எட்டு வால்வு. தீப்பொறி வரிசை 1-3-4-2. அதாவது முதல் சிலிண்டர் எரிந்து கிராங்க் அரைச்சுற்று சுற்றியதும் மூன்றாவது, அடுத்த அரைச்சுற்றில் நான்காவது, அப்புறம் இரண்டாவது. முதல் சிலிண்டர் தன் புகையை வெளியே தள்ளி முடிக்கிற நேரத்தில் அதன் எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருக்கும். சரியாக அதே நேரத்தில் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து, எரிந்த வாயு பெரும் அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. இரண்டு குழாயும் பக்கத்திலேயே சேர்ந்திருந்தால் மூன்றாவதின் புகை முதலாவதின் திறந்த வாய்க்குள் திரும்பி நுழையும். வெளியே போயிருக்க வேண்டிய புகை உள்ளே தங்கினால் புதுக் கலவைக்கு அந்த அளவுக்கு இடம் குறையும். குறைந்த ஆர்.பி.எம்.மில் இதற்கு நேரம் நிறையக் கிடைப்பதால் பாதிப்பும் அங்கேதான் அதிகம்.

4-2-1 ஹெடரில் முதலாவதையும் நான்காவதையும் ஒரு ஜோடியாகவும், இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்னொரு ஜோடியாகவும் முதலில் சேர்ப்பார்கள். ஒரு ஜோடியில் உள்ள இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒரு முழுச் சுற்று தள்ளி எரிபவை. ஒன்று புகை விடும்போது மற்றதன் எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும், சண்டை வராது. ஜோடி ஜோடியாக வந்த இரண்டு குழாயும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்றாகும். கடையில் 4-2-1 என்று சொல்லி ஒன்றை நீட்டினால், எந்த எந்தக் குழாய் சேர்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்துக் குழாய் இரண்டும் ஒரு ஜோடி, நடுக்குழாய் இரண்டும் ஒரு ஜோடி. வளைப்பதற்குச் சுலபம் என்று பக்கத்துப் பக்கத்துக் குழாய்களை, 1-2 என்றும் 3-4 என்றும் சேர்த்திருந்தால் அது பெயருக்குத்தான் 4-2-1; வாங்காதீர்கள். அப்புறம் பழைய மேனிஃபோல்டையும் அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கீழே ஒரு துளையா, இரண்டு துளையா? இரண்டாக இருந்தால் இந்த ஜோடி வேலையை வார்ப்பிலேயே செய்திருக்கிறார்கள். அப்போது புது ஹெடரால் கிடைக்கப்போகிற லாபம் இன்னும் சின்னது.

அடுத்தது நீளம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் கிளம்புகிற அழுத்த அலை குழாயில் ஓடி, குழாய்கள் சேர்கிற இடத்தில் விரிந்து, எதிர்மறை அலையாகத் திரும்பி வரும். அது சரியான நேரத்தில் வால்வுக்கு வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி எடுக்கும். ஹெடரின் மாயம் இதுதான். இதற்கு இன்ஜின் கட்டுகிறவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டன் அடிமட்டத்துக்கு எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறதோ அதோடு 180ஐக் கூட்டி, 850ஆல் பெருக்கி, வேண்டிய ஆர்.பி.எம்.மால் வகுத்து, 3ஐக் கழித்தால் குழாயின் நீளம் அங்குலத்தில் வரும். 50 டிகிரி என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 6,000 ஆர்.பி.எம்.முக்கு சுமார் 30 அங்குலம். 3,500க்கு சுமார் 53 அங்குலம், அதாவது நாலரை அடி. லோ கியரில் கல்லில் ஏறும்போது இன்ஜின் 2,000இல்தான் இருக்கும். அதற்கு 95 அங்குலம், கிட்டத்தட்ட எட்டு அடி!

எட்டு அடிக் குழாய் நாலை ஜிப்சியின் பானட்டுக்குள் எப்படிச் சுருட்டுவது? முடியாது. ஆகவே "இந்த ஹெடர் போட்டால் 2,000 ஆர்.பி.எம்.மிலேயே அலை வேலை செய்து இழுவை பிய்த்துக்கொண்டு வரும்" என்று யாராவது சொன்னால், அவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. 4-1 ஹெடரின் குழாய்கள் குட்டையாக இருந்தால் அவை மேலே 6,000 பக்கம்தான் உதவும். அங்கே நீங்கள் எப்போது போகிறீர்கள்? கிருஷ்ணகிரி நான்குவழிச் சாலையில்கூட ஜிப்சியை அங்கே வைத்து யாரும் ஓட்டுவதில்லை. 4-2-1இல் முதல் குழாயும் இரண்டாம் குழாயும் தொடர்ச்சியாக இருப்பதால் கிடைக்கிற இடத்துக்குள் கொஞ்சம் நீண்ட குழாய் போல நடந்துகொள்ளும், நடு ஆர்.பி.எம்.மில் பயன் தெரியும். மிகக் கீழே, ஊர்ந்து போகிற வேகத்தில், நமக்கு உதவுவது அலை அல்ல. புகை வேகமாக ஓடுவதும், ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றில் நுழையாமல் இருப்பதும்தான்.

புகை வேகமாக ஓட வேண்டுமென்றால் குழாய் ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு 325 சி.சி.தான் வருகிறது. மேலே சொன்ன நீளக் கணக்கோடு சேர்ந்த விட்டக் கணக்கில், 30 அங்குலக் குழாய்க்கு உள்விட்டம் சுமார் 33 மி.மீ., 53 அங்குலக் குழாய்க்கு சுமார் 26 மி.மீ. என்று வருகிறது. இரண்டுக்கும் நடுவில் 28 முதல் 32 மி.மீ. உள்விட்டம் உங்களுக்குப் போதும். பட்டறையில் 38 மி.மீ., 42 மி.மீ. குழாயை எடுத்து, "பெரிசாப் போட்டா நல்லா மூச்சு விடும்" என்பார்கள். ஒன்றரை அங்குலக் குழாய் இந்த இன்ஜினுக்கு, இந்த வேலைக்குப் பெரிசு. புகை அதில் சோம்பலாக நகரும், ஆறும், கனக்கும். பின்னால் போகிற ஒற்றைக் குழாயும் அப்படித்தான். ஒன்றரையிலிருந்து ஒன்றேமுக்கால் அங்குலம் போதும், இரண்டு அங்குலம் தேவையில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "கீழ் இழுவைக்கு பேக் பிரஷர் வேணும்" என்பார்கள். எந்த இன்ஜினுக்கும் பின்னழுத்தம் நல்லது செய்வதில்லை. பெரிய குழாய் போட்டால் இழுவை போகிறது என்று அவர்கள் கண்டது உண்மை. காரணம் சொன்னதுதான் தவறு. போனது புகையின் வேகம். இந்த வித்தியாசம் தெரியாமல், பெரிய குழாயைப் போட்டுவிட்டு அதன் வாயில் தகடு வைத்து அடைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் இரண்டு கெடுதலும் சேர்ந்து வரும்.

இதையெல்லாம் நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். பல வருஷத்துக்கு முன்னால் என் ஜிப்சிக்கு ஒரு பட்டறையில் 4-1 எஸ்.எஸ். ஹெடர் செய்து போட்டேன். மெல்லிய தகடு, ஒன்றரை அங்குலக் குழாய், கண்ணாடி மாதிரி பாலிஷ். ஓசூர் ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது ரொம்பப் பிடித்திருந்தது. அந்த வாரமே அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போனேன். முன்பெல்லாம் இரண்டாவது கியரில் திரும்புகிற ஏற்ற வளைவுகளில் முதல் கியருக்கு இறக்க வேண்டியிருந்தது. கிளட்ச் மிதிக்கிற கால் வலித்ததே தவிர, பவர் ஏறியதாகத் தெரியவில்லை. மூன்று மாதத்தில் நாலு குழாயும் சேர்கிற இடத்தில் வெல்டிங் ஓரமாகப் பிளந்தது. ஒட்டினேன், அரை அங்குலம் தள்ளி மறுபடி பிளந்தது. கடைசியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, முகம் சீவிய பழைய வார்ப்பை மாட்டினேன். பிறகு ஒரு வருஷம் யோசித்து, 30 மி.மீ. குழாயில் 4-2-1 செய்தேன். அதுதான் இன்றும் ஓடுகிறது.

ஏன் பிளந்தது என்பதில்தான் உலோகத்தின் கதை இருக்கிறது. 304 என்ற வகை எஸ்.எஸ். ஒரு மீட்டர் நீளம், 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.7 மி.மீ. நீளும். சாதா இரும்பு 1.2 மி.மீ. அளவுக்கு நீளும். இப்போது ஒரு அடிக்குக் கொஞ்சம் அதிகமான ஃபிளேஞ்சை, 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, 400 டிகிரி சூடேற்றிப் பாருங்கள். 304 என்றால் சுமார் 2.4 மி.மீ. நீளப் பார்க்கிறது, இரும்பு என்றால் 1.7. அது மாட்டியிருக்கும் அலுமினிய ஹெட்டோ தண்ணீர் ஓடுவதால் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்று, முக்கால் மி.மீ.கூட நீளாது. அந்த வித்தியாசம் முழுக்க ஓரத்து ஸ்டட்களையும் வெல்டிங்கையும் பிடித்து இழுக்கிறது. ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் இந்த இழுபறி நடக்கும்.

ஆகவே எஸ்.எஸ். கெட்டது என்று சொல்லவில்லை, எஸ்.எஸ்.ஸில் செய்தால் அதற்கேற்ற வேலைப்பாடு வேண்டும். ஃபிளேஞ்சின் நடுத்துளைகள் சரியான அளவிலும், ஓரத்துளைகள் பக்கவாட்டில் நீள்வட்டமாகவும் இருக்கணும், இரும்பு நகர இடம் கிடைக்கும். சிலர் வெல்டிங் முடிந்ததும் ஃபிளேஞ்சைத் துளைகளுக்கு நடுவில் அறுத்துத் தனித்தனித் துண்டாக்கி விடுவார்கள். அதுவும் நல்ல முறைதான். உள்பக்கம் ஆர்கான் விட்டு டிக் வெல்டிங் செய்யணும். அது இல்லாமல் செய்த எஸ்.எஸ். வெல்டிங்கின் உள்பக்கம் கறுத்துப் பொரிந்துபோய் இருக்கும், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். இன்னொரு தொல்லை, சந்தையில் 304 என்ற பெயரில் 202 என்ற வேறு வகை எஸ்.எஸ். புழங்குகிறது. இரண்டிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தப் பரிசோதனை உதவாது. ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு வேலை செய்கிற பரிசோதனைக் கூடங்களில் ஒரு துண்டைக் கொடுத்தால் என்ன உலோகம் என்று சொல்லிவிடுவார்கள். நிறைய கார் கம்பெனிகள் எக்ஸாஸ்டுக்குப் பயன்படுத்துவது 409 என்ற வகை. அதில் காந்தம் ஒட்டும், மேலே லேசாகத் துரு படியும், ஆனால் சூட்டில் விரிவது சாதா இரும்பு அளவுதான். ஓசூர் மாதிரி ஊரில் தேடினால் 409 குழாய் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. கிடைக்கவில்லையென்றால் 1.6 மி.மீ. சாதா இரும்புக் குழாய், சூடு தாங்கும் பெயின்ட் அடித்து. துருப்பிடித்துப் போவதற்குள் அது உங்களுக்குப் பல வருஷம் உழைத்துவிடும், நடுக்காட்டில் விரிசல் விட்டாலும் எந்தச் சின்ன வெல்டிங் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். எஸ்.எஸ்.ஸை அஞ்செட்டியில் யார் ஒட்டித் தருவார்?

தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் ஜி.ஐ. குழாயில் மட்டும் யாரும் ஹெடர் செய்ய விடாதீர்கள். மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். வெல்டிங் செய்கிறவர் அந்தப் புகையைக் குடித்துக் காய்ச்சலில் படுப்பார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

பட்டறையில் போய்ப் பார்க்கும்போது வெளிப் பளபளப்பை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். வளைவுகளில் குழாய் நசுங்காமல் வட்டமாகவே இருக்கிறதா? குழாயும் ஃபிளேஞ்சும் சேர்கிற இடத்தில் உள்பக்கம் வெல்டிங் உருண்டை துருத்திக்கொண்டிருக்கிறதா? ஃபிளேஞ்ச் துளை ஹெட்டில் உள்ள துளையைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருந்தால் நல்லது. சின்னதாக இருக்கவே கூடாது. வெல்டிங் செய்யும்போது ஃபிளேஞ்சை எதோடு இறுக்கி வைத்தார்கள் என்று கேளுங்கள். காயலான் கடையில் ஒரு பழைய ஜி13 ஹெட்டை வாங்கிவைத்து, அதில் போல்ட் போட்டு வெல்டிங் செய்கிறவர் தொழில் தெரிந்தவர். மேசைமேல் வைத்து வெல்டிங் செய்த ஃபிளேஞ்ச் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். எப்படியிருந்தாலும் வெல்டிங் முடிந்தபின் முகத்தை மில்லிங்கில் சீவித் தரச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், "எல்லா ஜிப்சிக்கும் பொருந்தும்" என்ற வரியை நம்பாதீர்கள். உங்களுடையது எட்டு வால்வு ஹெட். 2000ஆம் ஆண்டுக்குப் பக்கத்தில் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) ஜிப்சியில் இருப்பது ஜி13பிபி, 16 வால்வு. துளை அமைப்பே வேறு. ஒன்றின் ஹெடர் மற்றதில் உட்காராது. கேஸ்கெட்டை எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள், அல்லது அளவெடுத்த காகிதத்தை அனுப்பிக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற சுசுகி சாமுராய் (ஜிப்சியின் வெளிநாட்டுச் சகோதர வண்டி) ஹெடர்கள் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்காகச் செய்யப்பட்டிருக்கலாம். நம் வண்டியில் ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் குழாய் எல்லாம் வேறு பக்கம். எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு ஊசித்துளைக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, கலவை மெலிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழுந்தால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

வண்டியில் மாட்டிப் பார்க்கும்போது சமதரையில் நிறுத்திப் பார்த்து, "இடிக்கலை, சரி" என்று விட்டுவிடக்கூடாது. முன் சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் பாருங்கள். முன் ஆக்சிலுக்குப் போகிற புரொபெல்லர் ஷாஃப்ட் அப்போது மேலே எழும்பும். குழாய்க்கும் அதற்கும் ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். லோ கியரில் ஏறும்போது இன்ஜின் தன் ரப்பர் மவுண்டில் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வைத் தாங்கத்தான் ஃப்ளெக்ஸ் இணைப்பு. அது இல்லாமல் ஹெடரிலிருந்து சைலன்சர் வரை ஒரே விறைப்பாக இருந்தால், சாய்கிற இன்ஜின் மொத்தக் குழாயையும் ஸ்டட்களில் தொங்கவிடும். உங்கள் பழைய மேனிஃபோல்டு விரிசல் விட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இன்ஜின் மவுண்ட் ரப்பர் செத்திருக்கிறதா, டவுன்பைப்பை (மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்கும் குழாய்) தாங்கும் கிளாம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் உடையும்.

சூடு இன்னொரு கவலை. மெல்லிய குழாய் ஹெடர் வார்ப்பைவிட அதிகச் சூட்டைப் பானட்டுக்குள் கொட்டும். சித்திரை வெயிலில், வத்தல்மலை ஏற்றத்தில் முதல் கியரில் நகரும்போது, கார்புரேட்டருக்குப் போகிற பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி, வண்டி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இதைத் தவிர்க்க, பழைய மேனிஃபோல்டில் இருந்த தகட்டுக் கவசத்தைத் தூக்கிப் போடாமல் ஹெடருக்கும் பொருத்துங்கள். பெட்ரோல் குழாய், வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றுக்கு எதிரே தடுப்பு இருக்கட்டும். துணிநாடா மாதிரி சுற்றுகிற ஹீட் ரேப்பை சாதா இரும்பு ஹெடருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பஞ்சப்பள்ளிப் பக்கம் சின்னாற்றில் ஒருமுறை இறக்கினால் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்காரும், உள்ளே குழாய் ஓசையில்லாமல் அரிக்கும். தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் வண்டியை ஆறவிடுங்கள். வார்ப்போ எஸ்.எஸ்.ஸோ, செக்கச் சிவந்திருக்கும் உலோகத்தில் ஆற்றுத் தண்ணீர் தெறித்தால் விரிசல் விடலாம்.

ஹெடர் மாட்டியபின் கார்புரேட்டரையும் பார்க்கணும். புகை சுலபமாக வெளியேறினால் காற்று கொஞ்சம் அதிகம் வரும், கலவை மெலியலாம். 200 கிலோமீட்டர் ஓட்டியபிறகு நாலு பிளக்கையும் கழற்றி நிறம் பாருங்கள். காபித்தூள் நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் கலவை மெலிவு, ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளை) ஒரு அளவு கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் நம் பக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. பாலக்கோட்டிலிருந்து தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் ஏறினால் சுமார் 900 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். கடல்மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி எட்டு ஒன்பது சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதே பெட்ரோலைத்தான் கொடுக்கும், கலவை கனக்கும். ஆகவே பிளக் நிறத்தை நீங்கள் அதிகம் ஓட்டுகிற இடத்தில், தோப்பைச் சுற்றி ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஐடில் கலவையைப் புகைப் பரிசோதனை மையத்து மீட்டரில் கார்பன் மோனாக்சைடு பார்த்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998 வண்டி என்றால் 2013லேயே 15 வருஷம் முடிந்து, இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கிறீர்கள். அந்தச் சோதனையில் வண்டி பதிவான நிலையில் இருக்க வேண்டும். சத்தமும் புகையும் அளவு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் முடக்கம் எல்லாம் இருக்கிறது. அதனால் சைலன்சரில் கைவைக்காதீர்கள், கம்பெனி அளவிலேயே இருக்கட்டும், பழைய மேனிஃபோல்டைப் பத்திரமாக வைத்திருங்கள். "கம்பீரமான சத்தம்" என்று சொன்னாரே, அதைப் பற்றி எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அஞ்செட்டி, ஒகேனக்கல் சாலைகள் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தை ஒட்டியும் ஊடாகவும் போகின்றன. யானை கடக்கிற இடங்கள். முன்னால் யானை நிற்பது தெரியாமல் வளைவில் உறுமிக்கொண்டு திரும்புகிற வண்டி யானைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. அமைதியான வண்டியில் போனால் கிளை முறிகிற சத்தம் நம் காதுக்கு முன்கூட்டியே கேட்கும்.

டீசல் ஜீப் வைத்திருக்கிற நண்பர்கள், எம்.எம்.540 மாதிரி பெஜோ இன்ஜின்காரர்கள், ஹெடருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். டர்போ இல்லாத அந்த டீசலில் இதனால் கிடைப்பது மிகக் கொஞ்சம். அந்தப் பணத்தில் பம்பையும் நாசிலையும் சோதித்து வையுங்கள்.

தம்பி, வேலையைத் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எல்லா ஸ்டட்டிலும் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், காலையும் மாலையும். ஹெட் அலுமினியம், ஸ்டட் உள்ளே முறிந்தால் துளைத்தெடுக்கிற வேலை மேனிஃபோல்டைவிட அதிகச் செலவு வைக்கும். இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது நட்டைத் திருப்புங்கள், முரண்டு பிடித்தால் கொஞ்சம் இறுக்கி அப்புறம் தளர்த்துங்கள். மறுபடி மாட்டும்போது புது ஸ்டட், புது கேஸ்கெட், நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குகிற வரிசை, டார்க் ரெஞ்ச். முதல் ஓட்டத்துக்குப் பிறகு முழுக்க ஆறவிட்டு ஒருமுறை இறுக்குங்கள், 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500இல் ஒருமுறை. மூன்றாவது தடவை நட்டு நகரவில்லையென்றால் அது உட்கார்ந்துவிட்டது. மேனிஃபோல்டைக் கழற்றியதும் அதன் அடிப்பக்கத்தையும் ஃபிளேஞ்ச் முகத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். வார்ப்பைத் தேற்றலாமா, 4-2-1 செய்யச் சொல்லலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஓசூர் பட்டறையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.